சிவப்பு உடம்பா, கறுப்பு உடம்பா: ரோஜா அழகிகளைப் பிரித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

கறுப்பு இறக்கை, பின்னால் ஒரு வால், அங்கங்கே சிவப்பும் வெள்ளையும். இப்படி ஒரு பட்டாம்பூச்சி உண்ணிச்செடியில் வந்து உட்கார்ந்ததும், பட்டாம்பூச்சி பார்க்கும் நடைக்கு வந்த ஐந்து பேரும் ஐந்து பெயர் சொல்வார்கள். ஐந்துமே தப்பாகிற நாளும் உண்டு. நானும் முதல் இரண்டு வருடம் அப்படித்தான் அடித்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே பேசப்போவது பாக்லியோப்டா என்ற பேரினத்தைப் பற்றி. ஆசியாவிலும், அதை ஒட்டி நியூகினி, வட ஆஸ்திரேலியா வரையிலும் வாழும் அழகிகள் (ஸ்வாலோடெயில்) குடும்பத்துப் பூச்சிகள் இவை. தென்னிந்தியாவில் மூன்று இனங்கள் உண்டு. முதலாவது ரோஜா அழகி. நடைகளில் காமன் ரோஸ் என்றுதான் சொல்வோம், அறிவியல் பெயர் பாக்லியோப்டா அரிஸ்டோலோகியே. இரண்டாவது சிவப்புடல் அழகி, அதாவது கிரிம்சன் ரோஸ், பாக்லியோப்டா ஹெக்டர். மூன்றாவது மலபார் ரோஸ், பாக்லியோப்டா பாண்டியானா. முதலாவதை இனி காமன் ரோஸ் என்றே சொல்கிறேன்; ரோஜா அழகி என்றால் இந்த மூன்றுக்கும் பொதுப்பெயர்.

மூன்றே மூன்றுதானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். கஷ்டம் இந்த மூன்றால் வருவதில்லை, இவற்றைப் போல வேடம் போட்டுத் திரியும் இன்னொன்றால் வருகிறது. அதனால்தான் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யச் சொல்கிறேன். பின் இறக்கையிலிருந்து தொடங்கினால் நிச்சயம் ஏமாறுவீர்கள்.

1. கிளம்புவதற்கு முன்

வலை வேண்டாம். பூச்சியைப் பிடிக்காமலே இந்த மூன்றையும் பிரித்துவிடலாம். போதாததற்கு, கிரிம்சன் ரோஸ் 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இடம்பெற்ற பூச்சி.

பைனாகுலர் இருந்தால் நல்லது. ஆனால் அது 2 மீட்டர் தூரத்துப் பொருளையும் தெளிவாகக் காட்ட வேண்டும். பறவை பார்க்க வாங்கிய சில பைனாகுலர்கள் 4, 5 மீட்டருக்கு உள்ளே மங்கலாகிவிடும். பூச்சி காலடியில் இருக்க, நீங்கள் பின்னால் நடந்துகொண்டே இருப்பீர்கள். இல்லாவிட்டால் செல்போன் கேமராவே போதும்.

காலை 8 மணியிலிருந்து 11 மணி வரை நல்ல நேரம். அப்போது பூவில் நின்று தேன் குடிக்கும். உச்சி வெயிலில் பறந்துகொண்டே இருக்கும், உடம்பைப் பார்க்க விடாது. உண்ணிச்செடி, இட்லிப்பூ, சீமை நாயுருவி ஆகியவை கொத்தாகப் பூத்திருக்கும் இடத்தில் போய் நில்லுங்கள். பூச்சியைத் துரத்தாதீர்கள், அதுவாக வரும்.

இரண்டே இரண்டு சொற்களை மட்டும் பழகிக்கொள்ளுங்கள். ஒன்று அடிப்புறம்: இறக்கையை மடக்கி உட்காரும்போது நமக்குத் தெரியும் பக்கம். இன்னொன்று செல்: பின் இறக்கை உடம்போடு சேரும் இடத்திலிருந்து நடுவரை, நரம்புகள் சுற்றி அடைத்த ஒரு நீள அறை. இந்தச் செல் எங்கே முடிகிறது என்று கண் பழகாவிட்டால் 5-ஆவது படியில் மாட்டிக்கொள்வீர்கள். வீட்டிலேயே ஏதாவது ஒரு அழகியின் படத்தை எடுத்து, செல்லின் கோட்டைப் பேனாவால் ஒருமுறை வரைந்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

2. ஊரை முதலில் எழுதுங்கள்

பூச்சியைப் பார்ப்பதற்கு முன்பே மூன்றில் ஒன்றைக் கழித்துவிட முடியும் என்பதால் இந்தப் படி.

சமவெளி, கடற்கரை, நகரத்துத் தோட்டம், மொட்டைமாடித் தொட்டிச்செடி என்றால் காமன் ரோஸும் கிரிம்சன் ரோஸும் மட்டும்தான். ராமேஸ்வரத்திலோ மதுரை வயல்வெளியிலோ மலபார் ரோஸைத் தேட வேண்டியதில்லை. அது மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே உரியது; மழை நிறையப் பெறும் காடுகளிலும் அவற்றின் ஓரங்களிலும் பறப்பது. அங்கே மற்ற இரண்டும்கூட இருக்கும், அதனால் மலையில் மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கோவை மாதிரி மலை அடிவாரத்து ஊர்க்காரர்களுக்குத்தான் இதில் தடுமாற்றம். மலை கண்ணுக்குத் தெரிகிறது என்பதற்காக நகரத்துப் பூங்காவில் பார்த்ததை மலபார் ரோஸ் என்று எழுதிவிடுகிறார்கள். பெயரில் ஒரு ஊர் இருந்தால் ஆசை வந்துவிடும் போலிருக்கிறது. நான் சரிபார்த்த அப்படிப்பட்ட படங்களில் கிட்டத்தட்ட எல்லாமே காமன் ரோஸ்தான்.

3. உடம்பைப் பாருங்கள், இறக்கையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை அழகி என்று ஒன்று உண்டு. காமன் மார்மன், கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுவது. இதன் ஆண்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: கறுப்பு, பின் இறக்கையில் குறுக்காக ஒரு வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்கள் மூன்று விதம். ஒன்று ஆணைப் போலவே. இன்னொன்று காமன் ரோஸைப் போல, இதை ஸ்டிச்சியஸ் வடிவம் என்பார்கள். மூன்றாவது கிரிம்சன் ரோஸைப் போல, அது ரோமுலஸ் வடிவம். ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்துகூட வெவ்வேறு வேடத்துப் பெண்கள் வரலாம்.

எதற்கு இந்த வேடம்? ரோஜா அழகிகளின் புழுக்கள் ஈஸ்வரமூலி வகைக் கொடிகளைத் தின்று, அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலத்தை உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுபடி அந்தப் பக்கம் போகாது. மார்மனுக்கு அந்த விஷம் கிடையாது, நிறத்தை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது.

ஆனால் வேடம் இறக்கையோடு நின்றுவிடுகிறது. மார்மனின் உடம்பு கறுப்பு, சில வெள்ளைப் பொட்டுகளோடு. ரோஜா அழகிகள் மூன்றுக்கும் உடம்பில் சிவப்பு உண்டு: தலையில், மார்பின் பக்கவாட்டில், வயிற்றின் பக்கவாட்டிலும் நுனியிலும். சிவப்பு இருந்தால் ரோஜா அழகி. இல்லாவிட்டால் மார்மன், அல்லது மார்மனின் பேரினமான பாபிலியோவில் வேறு ஏதோ ஒன்று. பின் இறக்கையில் வெள்ளைத் திட்டும் சிவப்புப் பிறையும் வைத்துக்கொண்டு மலையில் ஏமாற்றும் ரெட் ஹெலனும் இந்தக் கேள்வியிலேயே விழுந்துவிடும், அதன் உடம்பும் கறுப்புதான்.

இனி, புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். போன மழைக்காலத்தில் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். "அண்ணா, நீங்க சொன்ன மாதிரி உடம்பைப் பார்த்தேன். கறுப்புதான். அப்போ மார்மன் ஸ்டிச்சியஸ்தானே?" படம் நேர் மேலிருந்து எடுத்தது. பூச்சி இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கிறது, முதுகு கறுப்பாகத்தான் இருக்கிறது. "வயித்து நுனியைப் பெரிசு பண்ணிப் பாரு" என்றேன். அங்கே சிவப்பு. தலையிலும் கண்ணுக்குப் பின்னால் சிவப்பு. காமன் ரோஸ்!

காமன் ரோஸின் வயிற்றுக்கு மேற்பக்கம் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு. சிவப்பு பக்கவாட்டிலும் நுனியிலும்தான். மேலிருந்து பார்த்துவிட்டுக் கறுப்பு உடம்பு என்று முடிவு செய்தால் உண்மையான ரோஜாவையே போலி என்று தள்ளிவிடுவீர்கள். பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். முடியாவிட்டால் தலையையும் வயிற்று நுனியையும் மட்டும் பாருங்கள், அந்த இரண்டும் போதும்.

கிரிம்சன் ரோஸில் இந்தத் தொல்லை குறைவு. மார்பின் மேற்பக்கமும் வயிறு தொடங்கும் இடமும் கறுப்பு. அதற்குப் பின்னால் வயிறு மேலேயும் நல்ல சிவப்பு. தூரத்திலிருந்தே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு உடம்பு என்றால் பாக்லியோப்டா என்ற இந்தக் கணக்கு தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சரி. இமயமலைக்கும் வடகிழக்குக்கும் போனால் வின்ட்மில் என்று அழைக்கப்படும் பியாசா பேரினத்துப் பூச்சிகளுக்கும் உடம்பு சிவப்புதான். சுற்றுலாவில் இந்தப் பாடத்தை அப்படியே பயன்படுத்தாதீர்கள்.

4. முன் இறக்கை: வெள்ளைப் பட்டை உண்டா?

உடம்பு சிவப்பு என்று உறுதியாகிவிட்டதா? சரி, இப்போது முன் இறக்கைக்கு வாருங்கள். இது எளிய படி.

கிரிம்சன் ரோஸின் முன் இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். ஒன்று நடுவில் சாய்வாக அகலமாக ஓடும், இன்னொன்று நுனிக்கு அருகில் குட்டையாக இருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டுமே முழுப் பட்டைகள் இல்லை. நரம்புகள் குறுக்கே வெட்டுவதால் துண்டு துண்டான வெள்ளைத் தீற்றல்கள் அடுத்தடுத்து நிற்கும். அடிப்புறத்திலும் இவை தெரியும் என்பதால், இறக்கையை மடக்கியிருந்தாலும் பிரச்சினை இல்லை. பின் இறக்கையில் வெள்ளையே கிடையாது, இரண்டு வரிசை சிவப்புப் பொட்டுகள் மட்டும்.

காமன் ரோஸுக்கும் மலபார் ரோஸுக்கும் முன் இறக்கையில் வெள்ளைப் பட்டை இல்லை. நரம்புகளுக்கு இடையில் சாம்பல் பூத்தாற்போல வெளிறிய கோடுகள் இருக்கும், அவ்வளவுதான். பட்டை இருந்தால் கிரிம்சன் என்று எழுதி மூடிவிடலாம். இல்லையென்றால் அடுத்த படிக்குப் போங்கள். சமவெளியில் நிற்கிறீர்கள் என்றால் அதுகூடத் தேவையில்லை, காமன் ரோஸ்தான்.

பெண் கிரிம்சன் ரோஸைப் பார்த்துச் சிலர் குழம்புவார்கள். ஆணின் பொட்டுகள் இரத்தச் சிவப்பு, பெண்ணுடையவை சற்று மங்கலாக இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். அது தனி இனம் ஆகாது.

5. பின் இறக்கை: வெள்ளை செல்லுக்குள் எவ்வளவு நுழைகிறது?

மலையில் நிற்பவர்களுக்கான படி இது. காமன் ரோஸ், மலபார் ரோஸ் இரண்டையும் பிரிப்பது இங்கேதான். அவசரப்படக் கூடாத இடமும் இதுதான்.

இரண்டுக்கும் பின் இறக்கையின் நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவந்த பிறைகள். திட்டு பெரிசா சின்னதா என்று கேட்டால் பதில் கிடைக்காது, ஏனென்றால் காமன் ரோஸிலேயே அது ஆளுக்கு ஆள் மாறும். செல்லை வைத்துக் கேட்க வேண்டும்.

காமன் ரோஸில் வெள்ளை என்பது செல்லுக்கு வெளியே, நரம்புகளுக்கு நடுவே நிற்கும் நாலைந்து நீளத் திட்டுகள். ஒரு கையின் விரல்களைச் சேர்த்து வைத்தாற்போல இருக்கும். செல்லுக்குள் பெரும்பாலும் கறுப்பு. சிலவற்றில் செல்லின் முனையில் மட்டும் ஒரு சிறு வெள்ளைப் பொட்டு வரும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மலபார் ரோஸில் வெள்ளை செல்லுக்குள்ளும் தாராளமாக நுழைந்திருக்கும். செல்லின் வெளிப்பாதி வெள்ளையாகி, வெளியே உள்ள திட்டுகளோடு சேர்ந்து ஒரே பெரிய பரப்பாகத் தெரியும். காமன் ரோஸின் விரல்கள் இங்கே உள்ளங்கையோடு சேர்ந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். பறக்கும்போதும் அந்த வெள்ளை பளிச்சென்று அடிக்கும்.

கண்ணால் பார்த்துச் சொல்வதைவிடப் படத்தில் செய்வது நல்லது. செல்போனில் படத்தைப் பெரிதாக்கி, செல்லின் இரண்டு பக்க நரம்புகளையும் விரலால் தொடர்ந்து போங்கள், அவை சந்திக்கும் முனை வரை. அந்த முனைக்கு உள்ளே வெள்ளை எவ்வளவு என்று பாருங்கள். துளியென்றால் காமன் ரோஸ். பாதி அறை நிறைந்திருந்தால் மலபார் ரோஸ்.

அளவை நம்பாதீர்கள். மலபார் ரோஸ் பெரியது என்று சொல்வது உண்மைதான். ஆனால் காமன் ரோஸே இறக்கை விரித்தால் 8 செ.மீ.-யிலிருந்து 11 செ.மீ. வரை போகும், பக்கத்தில் வைத்து அளக்க ஆள் இல்லாதபோது கண் எதையும் சொல்லும்.

ஓரத்துச் சிவப்பும் உதவாது. காமன் ரோஸில் அது மேற்புறத்தில் அழுக்குப் படிந்த செங்கல் நிறத்திலும், அடிப்புறத்தில் நல்ல இளஞ்சிவப்பாகவும் இருக்கும். ஒரே பூச்சியை இரண்டு பக்கமும் படம் எடுத்து, இரண்டு இனம் என்று எழுதியவரை எனக்குத் தெரியும். வேறு யார், நான்தான்.

6. பறக்கும்போது

பறப்பதை வைத்துப் பெயர் எழுதாதீர்கள், சந்தேகத்தை மட்டும் எழுப்பிக்கொள்ளுங்கள்.

ரோஜா அழகிகள் அவசரமில்லாமல் பறக்கும். விஷம் உள்ளவருக்கு ஓட வேண்டிய அவசியம் என்ன? நேராக, ஒரே சீராக, பார்க்க நேரம் கொடுத்துப் போகும். மார்மன் பெண்ணும் தொந்தரவில்லாதபோது இதே நடையில்தான் போகும். ஆனால் நிழல் பட்டாலோ பறவை குறுக்கே வந்தாலோ சட்டென்று மேலும் கீழுமாக வெட்டிப் பறந்துவிடும். வேடம் அங்கே கலைகிறது.

பூவில் நிற்கும்போது இரண்டுமே முன் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும், அதனால் அந்த அசைவு பிரித்துக் காட்டாது. படம் மங்கலாக விழுவதுதான் மிச்சம்.

மாலையில் ஒரு வாய்ப்பு உண்டு. கிரிம்சன் ரோஸ் இருட்டும் நேரத்தில் கூட்டமாக ஒரே புதரின் காய்ந்த குச்சிகளில் வந்து தங்கும். அசையாமல் இருப்பதால் தலை, மார்பு, வயிறு என்று ஒவ்வொன்றாக நிதானமாகப் படிக்கலாம். புதியவர்களை முதலில் அங்கே கூட்டிப்போவதுதான் என் வழக்கம். ஃபிளாஷ் மட்டும் அடிக்காதீர்கள், கூட்டமே எழும்பிவிடும்.

7. கொடியைப் பார்த்து உறுதி செய்யுங்கள்

பூச்சி கிழிந்துபோய், நிறம் வெளுத்து, வால் இரண்டும் போன நிலையில் கிடைத்தால் இறக்கை குறிகள் கைவிட்டுவிடும். அப்போது அது எந்தச் செடியைச் சுற்றுகிறது என்று பாருங்கள்.

முட்டையிட வந்த பெண் தாழ்வாகப் பறந்து, இலைகளைக் காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை ஆகியவற்றைத் தட்டினால் மார்மன். ஈஸ்வரமூலியையோ ஆடுதீண்டாப்பாளையையோ தட்டினால் ரோஜா அழகி. ஈஸ்வரமூலியைக் கருடக்கொடி என்றும் சொல்வார்கள். வேலிகளில் ஏறும் கொடி, காய் முற்றி வெடித்தால் தலைகீழாகத் தொங்கும் சின்ன உறி மாதிரி இருக்கும். ஆடுதீண்டாப்பாளை வயலோரத்தில் தரையோடு படரும், வட்டமான இலை, கசக்கினால் நாற்றம். ஆடு தீண்டாத செடிதான் இந்தப் புழுவுக்குச் சாப்பாடு.

மலைக்காட்டில் மலபார் ரோஸ் முட்டையிடுவது இதே குடும்பத்தைச் சேர்ந்த தோட்டியா என்ற குறுஞ்செடியில். பட்டாம்பூச்சிக்காரர்கள் அந்தச் செடி அடர்ந்த ஓடை ஓரங்களைத்தான் முதலில் தேடிப்போவார்கள்.

புழு கிடைத்தால் இன்னும் நல்லது. காமன் ரோஸ், கிரிம்சன் ரோஸ் இரண்டும் ஒரே கொடியில் ஒன்றாகத் தின்றுகொண்டிருக்கும். இரண்டுக்கும் உடம்பு முழுக்கச் சதைப்பற்றான முள் போன்ற முனைகள். வளர்ந்த புழுவின் நடு உடம்பைப் பாருங்கள். கருஞ்சிவப்பு வெல்வெட் உடம்பின் நடுவில், பெல்ட் கட்டியது போல ஒரு வெள்ளைப் பட்டை இருந்தால் காமன் ரோஸ். பட்டை இல்லாமல் உடம்பு முழுக்க ஒரே கருநிறமாக, முனைகள் மட்டும் செம்மஞ்சளும் சிவப்புமாக இருந்தால் கிரிம்சன் ரோஸ்.

மலையடிவாரத்தில் இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தெற்கத்திப் பொன்னழகி, அதாவது சதர்ன் பேர்ட்விங், அதுவும் இதே கொடியைத்தான் தின்னும். அதன் புழுவும் கருஞ்சிவப்பு, அதற்கும் நடுவில் வெளிர் பட்டை. ஆனால் அந்தப் பட்டை பெல்ட் போல நேராகச் சுற்றாமல் பக்கவாட்டில் சாய்வாக ஓடும்; வளர்ந்த புழு தடிமனிலும் காமன் ரோஸ் புழுவை மிஞ்சிவிடும். சின்னப் புழுவாக இருக்கும்போது இதைச் சொல்ல முயலாதீர்கள், நாலைந்து நாள் கழித்து வந்து பாருங்கள்.

மார்மன் புழுவோடு இவற்றைக் குழப்ப வழியே இல்லை. அது சிறுவயதில் பறவை எச்சம் போல, வளர்ந்தபின் பச்சை.

புழுக்களைக் கொடியிலேயே விட்டுவிட்டுத் தினம் போய்ப் பார்ப்பதுதான் நல்லது. டப்பாவில் வளர்ப்பவர்களுக்கு இலை தீர்ந்துபோவதுதான் பெரிய பிரச்சினை. ஈஸ்வரமூலி கீரைக்கடையில் கிடைக்காது. கொடியைத் தொட்டால் கையைக் கழுவுங்கள். அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுப்பது, புற்றுநோயையும் உண்டாக்குவது. நாட்டுமருந்து என்று யாராவது சொன்னாலும் வாயில் வைக்காதீர்கள்.

8. படம் எடுக்கும் வரிசை

பலரும் முதலில் அழகான படத்துக்குக் காத்திருக்கிறார்கள். அதற்குள் பூச்சி போய்விடுகிறது. நான் சொல்வது: பூச்சி தெரிந்ததும், எவ்வளவு தூரமானாலும், ஒரு படம். அது ஊருக்கும் நேரத்துக்கும் சாட்சி.

இரண்டாவது, பக்கவாட்டிலிருந்து உடம்பு. தலையும் வயிற்று நுனியும் தெளிவாக விழ வேண்டும், இறக்கை வெட்டுப்பட்டாலும் பரவாயில்லை. அடையாளம் கேட்டு எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் இறக்கை பிரமாதமாகவும் உடம்பு இலைக்குப் பின்னாலும் இருக்கும்.

மூன்றாவது, பின் இறக்கையின் அடிப்புறம், செல் முழுதாகத் தெரியும்படி. நாலாவதுதான் இறக்கை விரித்த அழகுப் படம். வெயில் நேராக அடித்தால் வெள்ளை வழிந்து பக்கத்துக் கறுப்பையும் தின்றுவிடும், காமன் ரோஸ் மலபார் ரோஸாகிவிடும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். மாலை நிழலில் இதற்கு நேர் எதிர்: சிவப்பு பழுப்பாகி, உடம்பு கறுப்பாகத் தெரியும். அப்படிப்பட்ட படத்தை வைத்து மார்மன் என்று சொல்லாதீர்கள்.

9. இலங்கையிலும் அதற்கு அப்பாலும்

இலங்கையிலும் மூன்று இனங்கள்தான், ஆனால் மூன்றாவது வேறு. காமன் ரோஸும் கிரிம்சன் ரோஸும் அங்கே உண்டு, மலபார் ரோஸ் கிடையாது. அதன் இடத்தில் சிலோன் ரோஸ், பாக்லியோப்டா ஜோஃபோன். தென்மேற்கு ஈரவலயத்து மழைக்காடுகளில், சிங்கராஜா போன்ற இடங்களில் மட்டும் வாழ்வது. அழிவின் விளிம்பில் உள்ள பூச்சி. மலபார் ரோஸுக்கும் இதற்கும் நல்ல ஒற்றுமை, ஆனால் நடுவில் கடல் இருப்பதால் இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துப் பிரிக்க வேண்டிய நிலை வராது. அங்கே காமன் ரோஸிலிருந்து இதைப் பிரிப்பதுதான் வேலை, அதற்கு முன்னே சொன்ன செல் கணக்கே போதும்.

கிழக்கே போகப் போகக் கணக்கு மாறும். காமன் ரோஸ் தென்கிழக்கு ஆசியா, சீனா வரை பரவியது, ஊருக்கு ஊர் அதன் வெள்ளை கூடும், குறையும். பிலிப்பைன்ஸில் கோட்செபுயா, மரியே, ஃபெகியஸ் என்று அந்தத் தீவுகளுக்கே உரிய இனங்கள் பல, சுலவேசியில் பாலிஃபாண்டஸ், நியூகினியிலும் வட ஆஸ்திரேலியாவிலும் பாலிடோரஸ். அங்கெல்லாம் எந்தத் தீவு என்பதே முதல் குறி. 

10. குறிப்பேட்டில் எழுதும் முறை

பெயரைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் பெயரை எழுதிவிட்டால் மீதிக் குறிகளைக் கண் தானாக அதற்கு ஏற்றபடி பார்க்கத் தொடங்கிவிடும். என் குறிப்பேட்டிலிருந்து ஒன்று, அப்படியே:

"காலை 9.20. காட்டோர ஓடை. உண்ணிச்செடியில். தலை சிவப்பு, வயிற்று நுனி சிவப்பு, முதுகு கறுப்பு. முன் இறக்கையில் பட்டை இல்லை. பின் இறக்கை வலது பக்கம் பாதி போய்விட்டது. இடது பக்கம் செல் தெரியவில்லை, இலை மறைக்கிறது. காமன் ரோஸ் அல்லது மலபார் ரோஸ்."

அந்த "அல்லது" இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது.